நின்றுபோன நிணநீரும் ஒளித்துவைத்த ஆடும்

தீர்ப்பை நீங்கள்தான் சொல்ல வேண்டும். அதனால் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

கரிசல் காட்டில் ஓர் ஆட்டு ஆராய்ச்சிப் பண்ணை. அங்கே ஆடுகளுக்குத் தீவனம் போட்டுக் கொட்டிலைக் கூட்டுகிறவர்கள் இருவர்: எசக்கிமுத்து, பாக்கியநாதன். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

ஆய்வு முடிந்த ஆட்டை ஊழியர் ஒருவருக்குக் கொடுத்துவிடுவது அந்தப் பண்ணையின் வழக்கம். போன வருஷம் சடைச்சி என்கிற ஆட்டின் புண் ஆறும்வரை பக்கத்திலேயே கிடந்தவர் எசக்கிமுத்து. ஆட்டைக் கேட்டு வாங்கிப் பண்ணை வேப்பமரத்தடியிலேயே கட்டிக்கொண்டவர் பாக்கியநாதன். போதாததற்கு, "வாயைத் திறந்து கேட்டவனுக்குத்தான் கிடைக்கும்" என்று ஒரு சொல்லும் சொல்லிவிட்டார். அந்தச் சொல்லை எசக்கிமுத்து இன்னும் மென்று முடிக்கவில்லை. ஏதாவது சொல்லியே தீர வேண்டுமென்றால் இருவரும் ஆட்டைப் பார்த்துச் சொல்லிக்கொள்வார்கள்.

"ஏ சடைச்சி, தண்ணித் தொட்டியைக் கழுவுறது இன்னைக்கு யாரு முறைன்னு ஒன் மொதலாளிட்ட கேளு."

"சடைச்சி, கழுவியாச்சுன்னு சொல்லு. கண்ணு இருந்தா பாத்துக்கிடட்டும்."

இந்த வருஷம் ஆய்வுக்கு எடுத்த ஆட்டின் பெயர் சிட்டு. சடைச்சியும் அதுவும் ஒரே பட்டியில் வளர்ந்தவை. உடம்பில் இரத்தம் ஓடுவதைப்போல நிணநீர் என்று இன்னொன்றும் ஓடுகிறது. கஞ்சித் தெளிவைப்போல இருக்கும். அதைப் பிடித்துப் பார்த்தால் உடம்பு நோயோடு எப்படிச் சண்டை போடுகிறது என்பது தெரியுமாம். ஆனால் அது ஓடுகிற நாளம் நூலைவிடக் கொஞ்சம் தடிப்பு, கண்ணுக்கும் தெரியாது. அதனால் ஆய்வை நடத்துகிற டாக்டர் இளமாறன் சிட்டுவின் பின்னங்கால் குளம்பிடுக்கில் நீலச் சாயத்தை ஊசியால் ஏற்றினார். காலை நீவிவிடச் சொன்னார். எசக்கிமுத்து நீவ நீவ, சாயம் மேலே ஏறி, முழங்காலுக்குப் பின்னால் கீறிய இடத்தில் நாளம் நீலக் கோடாகத் தெரிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அதற்குள் மெல்லிய குழாயை நுழைத்துக் கட்டினார் டாக்டர். குழாயின் மறுமுனை, வயிற்றுக்குக் கீழே தொங்கவிட்ட பாட்டிலுக்குள்.

"இரத்தத்தைத் தள்ள இதயம் இருக்கு. காலில் இருக்கிற இதைத் தள்ளுறது பெரும்பாலும் சதைதான், எசக்கி. அதனாலதான் நீவச் சொன்னேன். இனிமே நீவாதே, குழாய் நழுவிடும்" என்றார் அவர். அன்று சொட்டுச் சொட்டாக விழுந்தது.

மறுநாள் காலை பாட்டிலில் ஒரு சொட்டும் விழவில்லை. ராத்திரி தனிக் கொட்டிலுக்கு மாற்றியிருந்த சிட்டு கட்டைபோல நின்றது. போட்ட அகத்திக்கீரை போட்டபடி கிடந்தது. பண்ணைத் தலைவி டாக்டர் மரகதவல்லி வந்து பார்த்தார். சாயங்காலத்துக்குள் ஓடாவிட்டால் ஆட்டை ஆய்விலிருந்து கழித்து வெளியே அனுப்பிவிட வேண்டியதுதான் என்றார்.  இந்த ஆட்டையாவது வாயைத் திறந்து கேட்டுவிடுவது என்று எசக்கிமுத்து முன்பே முடிவு செய்திருந்தார்.

தலைவியே சொன்னார்: "இதை யார் மறுபடி ஓட வைக்கிறாங்களோ, ஆய்வு முடிஞ்சதும் ஆடு அவங்களுக்கு."

டாக்டர் இளமாறன் குழாய் வழியே, நிணநீர் உறைந்து அடைக்காமலிருக்க ஒரு மருந்தைச் செலுத்தினார். ஒரு தடையும் இல்லாமல் மருந்து உள்ளே போனது. பாக்கியநாதன் பாட்டிலை இன்னும் ஒரு சாண் இறக்கிக் கட்டினார். பிறகு இருவரும் டீ குடிக்கப் போனார்கள்.

எசக்கிமுத்துவுக்கு வழி ஒன்றும் தோன்றவில்லை. கோபம்தான் வந்தது. வேப்பமரத்தடியில் சடைச்சி சொகுசாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. 'ஒரு நாளாவது அவன் தேடி அலையட்டும்' என்று அதை அவிழ்த்து வந்து, சிட்டுவுக்குப் பக்கத்து அடைப்பில் ஒளித்துவைத்தார்.

சடைச்சி ஒரு குரல் கொடுத்தது. சிட்டு தலையைத் திருப்பியது. காலைத் தூக்கி வைத்து அடைப்போரம் வந்தது, உரசியது, கீரையில் வாய் வைத்தது. கால் மாற்றிக் கால் மாற்றி நின்று தின்றது. பாட்டிலில் ஒரு சொட்டு விழுந்தது. அப்புறம் இன்னொன்று.

எசக்கிமுத்து போட்ட சத்தத்தில் எல்லோரும் ஓடிவந்தார்கள்.

"என் மருந்துதான்" என்றார் டாக்டர்.

"பாட்டிலை எறக்குனது நான்லா!" என்ற பாக்கியநாதன், அடைப்பைப் பார்த்ததும் திகைத்தார். "ஏ சடைச்சி, நீ எப்பிடி இங்க?"

எசக்கிமுத்து மறைக்கவில்லை. "நான்தாம்மா கொண்டாந்தேன். அந்த ஆளு தேடி அலையட்டும்னு ஒளிச்சு வச்சேன். அது சத்தம் குடுத்த பெறகுதான் சொட்டு விழுந்துச்சு. ஆடு எனக்கு."

டாக்டர் சிரித்துவிட்டார். "கோபத்துல ஆட்டை ஒளிச்சு வைக்கிறதுக்குப் பேர் வைத்தியமா?"

பாக்கியநாதன் விடவில்லை. "சத்தம் குடுத்தது யாரு ஆடு? என் ஆடு! அப்பம் சிட்டும் எனக்குத்தான்னு அவருட்ட சொல்லு, சடைச்சி."

இப்போது சொல்லுங்கள். சிட்டு யாருக்குச் சேர வேண்டும்? குழாய் வைத்து மருந்து கொடுத்த டாக்டருக்கா, பாட்டிலை இறக்கியவரும் சடைச்சியின் சொந்தக்காரருமான பாக்கியநாதனுக்கா, கெட்ட எண்ணத்தோடு நல்லதைச் செய்துவிட்ட எசக்கிமுத்துவுக்கா?

விடை: எசக்கிமுத்துவுக்குத்தான். மருந்து தடையில்லாமல் போனதால் குழாய் அடைபட்டிருக்கவில்லை. பாட்டில் முன்பே தாழ்வில்தான் தொங்கியது. துணையில்லாமல் பயந்து ஆடு அசையாமல் நின்றது. கால் அசையாததால் நிணநீர் ஏறவில்லை. சடைச்சி தானாக வரவில்லை, சொந்தக்காரரும் கொண்டுவரவில்லை. தலைவி வாக்குக் கொடுத்தது ஓட வைக்கிறவருக்கு. அவர் மனசு எப்படிப்பட்டது என்று பார்த்து அல்ல. ஆனால் தீர்ப்புச் சொன்ன தலைவி ஒன்று சேர்த்துச் சொன்னார்: சிட்டு தனியாக நின்றால் தின்னாது, ஆகையால் இரண்டையும் சேர்த்தே கட்ட வேண்டும். ஆய்வு முடிந்து, இப்போது இரண்டு ஆடும் ஒரே வேப்பமரத்தடியில் நிற்கின்றன. சொந்தக்காரர்கள் இன்னும் பேசிக்கொள்வதில்லை. ஒருவர் சடைச்சியிடம் சொல்கிறார், மற்றவர் சிட்டுவிடம் பதில் சொல்கிறார். ஆடுகள் நன்றாகத் தின்கின்றன.