பத்துக் கெட்ட பாட்டில்கள்

"டீச்சர், ஆறு மாசமா எங்க பெல்ட்டில் ஒரு கெட்ட பாட்டில்கூட வரலை. இன்னும் என்ன சோதிக்கணும்? செக்கிங்கை நம்பலாம்னு எழுதிக் கொடுத்துடுங்க."

கேட்டவர் தணிகாசலம். குழந்தைகளுக்குக் காய்ச்சல் மருந்து செய்யும் கம்பெனியில் தர மேலாளர். கம்பெனிக்குச் செக்கிங் பயிற்சி கொடுத்து, சான்றும் எழுதித் தரும் ரெஜினா டீச்சர் அவரைவிட ஏழு வயது இளையவள். ஆனாலும் செக்கிங் என்றால் என்ன என்று அவர் கற்றுக்கொண்டது அவளிடம்தான்.

கற்றுக்கொண்டதாக நினைத்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

டீச்சர் பேனாவைத் தொடவில்லை.

சீல் சரியாக ஒட்டாத பத்துப் பாட்டில்களை இன்றைய சரக்கில் காலையிலேயே கலந்துவிட்டதாகச் சொன்னாள். பெல்ட்டில் ஓடிவரும் பாட்டில்களை உட்கார்ந்து சரிபார்க்கும் பெண்களிடமும் அதைச் சொல்லிவிடச் சொன்னாள்.

தணிகாசலத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. கைக்குழந்தை குடிக்கிற மருந்தில் விளையாட்டா?

"பத்தும் கிடைக்காம லாரி கிளம்பக்கூடாது," என்றாள்.

அன்று பெல்ட்டில் பேச்சே இல்லை. யார் வீட்டு மாமியார் என்ன சொன்னாள் என்பதெல்லாம் நின்றுபோய், ஒவ்வொரு பாட்டிலையும் கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்த்தார்கள். ஒன்பதரைக்கே முதல் பாட்டில் சிக்கியது.

பன்னிரண்டரைக்குப் பத்தாவது.

பாதிச் சரக்குதான் முடிந்திருந்தது. அதனால் என்ன, பத்தும் வந்தாச்சே. மீதியை வழக்கம்போலக் கண்ணால் ஒரு தடவு தடவி அனுப்பினார்கள்.

தணிகாசலம் பத்தையும் தட்டில் அடுக்கிக்கொண்டு, மேடையில் பரிசு வாங்கப் போகிறவர் மாதிரி வந்தார்.

"எண்ணிப் பாருங்க டீச்சர். லாரியும் போயாச்சு. இப்பவாவது கையெழுத்துப் போடுவீங்களா?"

டீச்சர் ஒரு பாட்டிலை எடுத்துக் கவிழ்த்தாள். மருந்து சொட்டுச் சொட்டாக அவள் உள்ளங்கையில் இறங்கியது.

"சார், நான் ஒண்ணுகூடக் கலக்கலை."

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

தட்டைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. ஒற்றைக் கையால் போனை எடுத்து லாரி டிரைவரின் நம்பரைத் தேடினார்.

டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இந்த லாரியைத் திருப்பிடலாம். போன வாரம் போனதை?"