கமர்கட்டுத் தீர்மானம்

எங்கள் ஊர் மசாலாப் பொடிக் கம்பெனியில் மேனேஜர் சற்குணராஜ் கூட்டம் போட்டால் அவர் மட்டும்தான் பேசுவார். முடிவில், "யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்பார். எல்லாரும் மேஜையைப் பார்ப்பார்கள். "சரி, ஏகமனதாக நிறைவேறியது!" என்று எழுந்துவிடுவார். மனுஷர் கெட்டவர் இல்லை. எல்லாருக்கும் சம்மதம் என்று நிஜமாகவே நம்பினார்.

பேக்கிங் பெண்களை ஏற்றிவரும் வேனையும் ஒருநாள் அப்படித்தான் நிறுத்தினார். பஸ் எட்டிப்பார்க்காத ஊர்க்காரிகள் பாடு திண்டாட்டமாகிவிட்டது. அவர்கள் சார்பில் கூட்டத்துக்கு வரும் வேலுத்தாய்கூட அன்று வாயைத் திறக்கவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு ஒரு பொட்டலம் கமர்கட்டோடு வந்தாள்.

"மக பாஸாயிட்டா சார், எடுத்துக்கோங்க."

மேனேஜருக்கு இனிப்பென்றால் உயிர். பெரிய உருண்டையாகப் பார்த்து வாயில் போட்டார். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டிக்கொண்டன.

வேலுத்தாய் எழுந்து நின்றாள். "நாளையிலருந்து வேன் மறுபடி ஓடணும். யாருக்காவது ஆட்சேபணை உண்டா?"

"ம்ம்ம்!" என்றார் மேனேஜர்.

"சரி, ஏகமனதாக நிறைவேறியது!"

மேனேஜர் ஒருவழியாகக் கமர்கட்டைக் கரைத்து விழுங்கினார். "என்னம்மா அநியாயம் இது! வாயைத் திறக்க முடியாதவன்கிட்ட ஆட்சேபணை உண்டான்னு கேட்டா, அவன் என்ன பண்ணுவான்?"

"மேஜையைப் பார்ப்பான் சார். நாங்க இத்தனை நாளா அதைத்தான் பண்ணிக்கிட்டிருக்கோம்."

முதலில் சிரித்தது மேனேஜர்தான்.

வேன் மறுநாளே ஓடியது. இப்போதெல்லாம் அவர் ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்கிறார். வேலுத்தாயிடம் மட்டும், "பையில என்னம்மா வச்சிருக்கே?" என்று முதலில் கேட்டுக்கொள்கிறார்.