மாசானம் கேஸுக்கு எல்லாரும் வந்த நாள்

ஞானக் கதைன்னதும் ஆலமரம், தாடி, காவின்னு கண்ணை மூடிக்கிட்டீங்களே! திறங்க. இது மாஜிஸ்திரேட் கோர்ட்டு. குரு செண்பகவல்லி மேடத்துக்கு வயசு நாப்பது, கிரிமினல் வக்கீல். சிஷ்யர் ஞானதுரைக்கு அறுபது. டெலிபோன் ஆபீஸ்ல ரிட்டயர் ஆகி கறுப்புக் கோட்டு மாட்டினவரு. ரெண்டு பேருக்குமே தாடி கிடையாது.

அன்னிக்குக் காலையில கோர்ட்டு வாசல்ல சிஷ்யர் கேட்டாரு. "மேடம், கேஸு ஏன் வாய்தா மேல வாய்தா போகுது?"

"யாரால போகுதுன்னு நினைக்கிறீங்க சார்?"

ஞானதுரை விரலை மடக்கினாரு. "ஜட்ஜு லீவு. இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்து. அரசு வக்கீல் வேற கோர்ட்டு. சாட்சி கல்யாண வீடு."

மேடம் சிரிச்சாங்க. "ஒரு ஆளை விட்டுட்டீங்க. இன்னிக்கு மாசானம் கேஸை நீங்களே நடத்துங்க. ஆள் தானா தெரிவாரு."

மாசானம் கேஸு இதுதான். பக்கத்து வீட்டுக்காரர் தலையில பலாப்பழத்தால அடிச்சாருன்னு போலீஸ் சொல்லுது. பழம் தானா விழுந்துச்சுன்னு இவரு சொல்றாரு. இதுக்கு ஏழு வருஷமா வாய்தா. இப்ப மஸ்கட்ல வேலை கிடைச்சிருக்கு. இந்த மாசத்துக்குள்ள கேஸு முடியலைன்னா அந்த வேலை போச்சு.

கோர்ட்டு டவாலி பேரை இழுத்துக் கூப்பிட்டாரு: "மாசா...னம்! மாசா...னம்! மாசா...னம்!"

மாசானம் கூண்டுல ஏறினாரு. பின் பெஞ்சில அவரு பொண்டாட்டி பேச்சியம்மா, மடியில மஞ்சப்பை.

ஜட்ஜு வழக்கம்போல அடுத்த தேதி பார்க்க டயரியைத் திறந்தாரு. "சாட்சி வரலையா?"

"வந்தாச்சுங்கய்யா," இன்ஸ்பெக்டர்.

பேனா நின்னுச்சு. "வந்தாச்சா? அரசு வக்கீல்?"

"இருக்கேன்யா." அவருக்கே நம்பிக்கை இல்லாத குரல்.

"அட, அப்ப நடத்திரலாமே! ஞானதுரை சார், சாட்சியைக் குறுக்கு விசாரணை பண்ணுங்க."

ஞானதுரை பைக்குள்ள கையை விட்டாரு. டிபன் பாக்ஸ் வந்துச்சு. குடை வந்துச்சு. நேத்தே கையெழுத்துப் போட்டு வெச்ச வாய்தா மனு வந்துச்சு. கேஸ் கட்டு வரல. அது வீட்டுல, பீரோ மேல.

ஜட்ஜு மனுவை வாங்கிச் சத்தமா படிச்சாரு. "வக்கீலுக்குக் கடும் காய்ச்சல், எழுந்து நிற்க முடியாத நிலை..."

நின்னுக்கிட்டிருந்த ஞானதுரை மெதுவா உக்காந்தாரு.

கோர்ட்டே சிரிச்சுது. சாட்சிகூடச் சிரிச்சாரு. மாசானம் மட்டும் கூண்டுக் கம்பியை இறுக்கிப் பிடிச்சிக்கிட்டு நின்னாரு.

மேடம் குனிஞ்சு கேட்டாங்க. "விட்டுப்போன ஆளைப் பாத்துட்டீங்களா சார்?"

சிஷ்யர் டிபன் பாக்ஸை மறுபடி பைக்குள்ள வெச்சாரு.

அப்ப பேச்சியம்மா எழுந்து வந்து மஞ்சப்பையை அவரு முன்னால கவிழ்த்தா. கேஸ் கட்டு, மொத்தமும் ஜெராக்ஸ். ஓரமெல்லாம் மடங்கி மடங்கிக் கிழிஞ்சிருந்துச்சு.

ஜட்ஜு டயரியை மூடினாரு. பேச்சியம்மா அவரைப் பாத்துச் சொன்னா:

"ஏழு வருசமா நாங்க ரெண்டு பேருதான்யா கேஸு நடக்கும்னு இதைச் சுமந்துட்டு வாறோம். நீங்க அத்தனை பேரும் வாய்தாவுக்குல்லா வாறீக! இந்தா, மேடமும் வெறுங்கையாத்தானே நிக்காக!"