மூன்றாவது எண்ணிக்கை

குருவுக்கு வயது முப்பத்தாறு, சீடருக்கு ஐம்பத்திரண்டு. அதனால் குரு சீடரை "சார்" என்பார், சீடர் குருவை "மேடம்" என்பார். ராமநாதபுரம் பக்கத்தில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் ஆறு வருடமாக இப்படித்தான் ஓடியது.

சீடர் சவரிமுத்து பள்ளிக்கூட வாத்தியார். சனி, ஞாயிறு மட்டும் ஆராய்ச்சி மாணவர். பழைய மலேரியா மருந்தோடு துத்தநாகத்தைப் பிணைத்துப் புதுச் சேர்மம் ஒன்று செய்திருந்தார். பழைய மருந்துக்கு அடங்காத கிருமியை அது அடக்கினால் முனைவர் பட்டம். அடக்காவிட்டால் ஆறு வருடமும் போச்சு. ஆய்வேடு கொடுக்க எட்டு நாள்தான் பாக்கி.

கிருமி ஏறிய ரத்தத்தை நாலு கிண்ணத்தில் வளர்த்தார்கள். ஒன்றில் எதுவும் போடவில்லை. மற்ற மூன்றில் பழைய மருந்து, வெறும் துத்தநாக உப்பு, புதுச் சேர்மம் என்று தனித்தனியாகப் போட்டார்கள். இரண்டு நாள் கழித்து ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டை ஸ்லைடில் தேய்த்துச் சாயம் போட்டு, ஓரத்தில் பென்சிலால் பெயர் எழுதினார்கள். ஆயிரம் ரத்த அணுவில் எத்தனையில் கிருமி இருக்கிறது என்று மைக்ராஸ்கோப்பில் எண்ண வேண்டும்.

சவரிமுத்து எண்ணிவிட்டு ஓடி வந்தார்.

"மேடம்! பழைய மருந்துல முப்பத்தொண்ணு. நம்மளதுல நாலே நாலு!"

நாச்சியார் மேடம் மகளின் நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"எத்தனை தடவை எண்ணினீங்க சார்?"

"மத்ததெல்லாம் ஒரு தடவை. நம்மளதை மூணு தடவை."

"நம்மளதுக்கு மட்டும் என்ன விசேஷம்?"

"முதல்ல ஏழு வந்துச்சு. அப்புறம் ஆறு. கொஞ்சம் ஜாஸ்தியாத் தெரிஞ்சுது. ரெண்டு மூணு புள்ளி சாயத் தூசியா இருக்கும்னு விட்டுட்டேன்."

"பழைய மருந்து ஸ்லைடுல தூசியே விழலையாக்கும்?"

சவரிமுத்து நாலு ஸ்லைடையும் கொண்டுவந்து மேடத்தின் முன்னால் வைத்தார்.

மேடம் மகளின் டப்பாவிலிருந்து ரப்பரை எடுத்தார். திரும்பி நின்று நாலு ஸ்லைடையும் கலைத்தார். ஒவ்வொன்றாகப் பெயரை அழித்து, வெறும் எண் போட்டார். எது எது என்று ஒரு சீட்டில் எழுதி டிபன் பாக்ஸுக்குள் வைத்து மூடினார்.

"ஐயோ மேடம், இன்னும் எட்டு நாள்தான் இருக்கு!"

"நாலு ஸ்லைடுக்கு எட்டு நாளா? ஒரு மணி நேரத்து வேலை."

லேப் டெக்னீஷியன் ஜைனம்பு வந்து உட்கார்ந்தாள். எந்த ஸ்லைடில் என்ன என்று அவளுக்குத் தெரியாது. சவரிமுத்து பக்கத்தில் நின்றார்.

"சார், கழுத்துல மூச்சு விடாதீங்க. கூசுது."

அவர் ஒரு எட்டு தள்ளி நின்றார்.

"ஒண்ணாம் நம்பர், ஐம்பத்தொன்பது."

"ரெண்டு, முப்பத்து மூணு."

"மூணு, அறுபத்தொண்ணு."

மூன்றுமே பெரிய எண்; மிச்சம் இருப்பது எது என்று சவரிமுத்துவுக்குப் புரிந்துவிட்டது.

ஜைனம்பு நாலாவதைப் பார்த்தாள். நகர்த்தினாள். மறுபடி பின்னால் கொண்டுவந்தாள்.

"சார், இங்க ஒண்ணு இருக்கு. தூசியா, கிருமியான்னு பிடிபடல. நீங்க சொல்லுங்க."

மேடம் அட்டையிலிருந்து நிமிரவில்லை.

சவரிமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மைக்ராஸ்கோப் பக்கம் போகவில்லை.

"சந்தேகமா இருந்தா கிருமின்னே போடும்மா."

"அப்ப ஆறு."

மேடம் டிபன் பாக்ஸைத் திறந்து சீட்டை நீட்டினார். நாலாம் எண், புதுச் சேர்மம்.

"முப்பத்து மூணுக்கு ஆறு! ஆறு மேடம், ஆறு!" அந்த ஐம்பத்திரண்டு வயசு வாத்தியார் குதித்த குதியில் மேஜைமேல் இருந்த குடுவைகள் கிணுகிணுத்தன.

"மெதுவா சார். உடைஞ்சா யார் கூட்டுறது?" என்றாள் ஜைனம்பு. அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

மூச்சு வாங்கி உட்கார்ந்தபின் சவரிமுத்து கேட்டார்.

"ஒண்ணு கேக்கட்டுமா மேடம்? நம்பிக்கை இல்லாமத்தானே பேரை அழிச்சீங்க?"

"பேரே இல்லாமலும் அது ஜெயிக்கும்னு நான் நம்பினேன் சார். நம்பாம மூணாவது தடவை எண்ணினது நீங்க."