ஜமீன் வயிற்றுக்கு ஜமீன் அளவு

காரைப்பட்டி ஜமீன்தாருக்கு வயிறு உப்பி, மூச்சு விடவே சிரமமாக இருந்தது. அப்படி ஒன்றும் அதிகமாகச் சாப்பிட்டுவிடவில்லை. விருந்து முடிந்ததும் ஒரே ஒரு பலாப்பழம், முழுசாக, அவ்வளவுதான்.

சமையல்காரி பூவாயி மோரில் ஒரு சிட்டிகை பெருங்காயம் கரைத்துக் கொண்டுவந்தாள். அரண்மனை வைத்தியர் ஆதிமூலம் அதைத் தள்ளிவைத்தார்.

"சிட்டிகையெல்லாம் ஏழைகளுக்கு. ஜமீன் வயிற்றுக்கு ஜமீன் அளவு வேண்டாமா?" என்று எலுமிச்சம்பழம் பருமனில் மூன்று பெருங்காய உருண்டைகளை எடுத்துவைத்தார். "எல்லாம் இவள் சமையலால் வந்த வினை. மருந்து உள்ளே போகும்போதே இவள் வெளியே போகட்டும்."

ஜமீன்தாரும் தலையாட்டினார்.

"போறேன் சாமி," என்றாள் பூவாயி. "ஆனா எஜமானுக்கு எதைக் கொடுத்தாலும், கொடுக்கிறவங்க முதல்ல சாப்பிட்டுக் காட்டணும்கிறது அரண்மனை வழக்கம். நானும் தினம் அப்படித்தான் செஞ்சேன். முதல் உருண்டை உங்களுக்கு."

"ஆமாய்யா, முழுங்கும்," என்றார் ஜமீன்தார்.

வைத்தியருக்கு வேர்த்துவிட்டது. "இவ்வளவையும் முழுங்கினா குடல் வெந்துபோகுமே!"

"என் குடல் மட்டும் வேகாதோ?"

"யோசிச்சுப் பார்த்தா எஜமான்... மோர்ல ஒரு சிட்டிகை போதும்."

பூவாயி உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றிக் குடித்துக் காட்டிவிட்டு மோரை நீட்டினாள். சற்று நேரத்தில் ஜமீன்தார் விட்ட ஏப்பத்தில் லாயத்துக் குதிரைகள் மிரண்டன. அத்தனை பெரிய மருந்தை இத்தனை சின்னதாக்கிய வைத்தியரின் மேதைமையைச் சபையே புகழ்ந்தது.

ஜமீன்தார் பூவாயியிடம் திரும்பினார். "ராத்திரிக்கு என்ன சமைக்கப்போறே?"

"கஞ்சி, எஜமான். ஒரு கிண்ணம்."

ஜமீன்தார் வைத்தியரைப் பார்த்தார். வைத்தியர் அவசர அவசரமாகத் தலையாட்டினார்.