மூன்றாவது படி

செருப்புக் கடைக்கு வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். சந்தானகிருஷ்ணனின் சிக்கல் அதுதான்.

கடை இருந்த கட்டடம் நூற்றுப் பதினெட்டு ஆண்டுகள் துறைமுக மாதா கோயிலாக இருந்தது. துறைமுகம் இடம் மாறியபோது குடும்பங்களும் பின்னாலேயே போய்விட்டன. ஆறு ஆண்டுகளுக்கு முன் கடைசிப் பூசை. பீடக்கல்லை எடுத்தார்கள். மணியை இறக்கினார்கள். ஆயர் வந்து செபம் சொல்லி, இது இனிக் கோயில் இல்லை என்று அறிவித்துவிட்டுப் போனார். பிறகு அதைச் சேர்மக்கனி அண்ணாச்சி வாங்கினார்.

கடைக்கு வரைபடம் போட்டது கட்டடக் கலைஞரான சந்தானம். பீடம் இருந்த இடத்தில் பில் மேசை. தூண்களுக்கு நடுவே கண்ணாடி அலமாரிகள். பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனக் கூண்டில் குழந்தைகளின் ஷூக்கள். இத்தனைக்கும் சம்மதித்த அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார்: முகப்பில் கை வைக்கக் கூடாது.

இப்போது அதில்தான் கை வைக்கச் சொல்கிறார் அண்ணாச்சி. ஐந்து படிகளையும் வாசல் வளைவையும் இடித்துவிட்டுத் தரையோடு தரையாகக் கண்ணாடி முகப்பு. வரைபடம் தயார். இன்று மூன்று மணிக்குள் சந்தானத்தின் கையெழுத்து வேண்டும். இல்லாவிட்டால் வேறு ஆள்.

சந்தானம் பிலோமினாவுக்குப் போன் செய்தார். சந்தானத்துக்கு வயது ஐம்பத்திரண்டு. தொழில் கற்றுக்கொடுத்த பிலோமினாவுக்கு ஐம்பத்தெட்டு. ஆறு வயது வித்தியாசத்தில் குரு என்று கூப்பிட முடியாது. அக்கா என்றே கூப்பிடுவார்.

பிலோமினா பஸ்ஸில் வந்து இறங்கினார். கடைக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். நாற்பது ஆண்டுகளாகப் பழைய கட்டடங்களுக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய முழங்கால்.

"கடைசியா என்ன செஞ்சு பாத்தே?"

"போர்டு வச்சேன்க்கா. 'செருப்புடன் உள்ளே வரலாம்.' நேத்து ஒருத்தர் அதைச் சத்தமா வாசிச்சாரு. வாசிச்சிட்டுச் செருப்பைக் கழட்டிட்டு உள்ள போனாரு."

பிலோமினா சிரிக்கவில்லை. "வேற?"

"சிலுவையை முதல்லயே எடுத்தாச்சு. கலர் கண்ணாடியை மாத்திச் சாதாக் கண்ணாடி போட்டேன். சினிமாப் பாட்டு போட்டேன். குத்துப் பாட்டு."

"வெயிலுக்காக இருக்கும். நிழல் வந்ததும் கழட்டுறாங்களோ என்னவோ."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். தெருவரைக்கும் பந்தல் போட்டேன். நிழல் நகர்ந்துச்சு. செருப்பு நகரல. அதே மூணாவது படி."

மூன்றாவது படி நடுவில் குழிந்திருந்தது. அந்தக் குழியைச் சுற்றி இப்போதும் ஏழெட்டு ஜோடிகள் கிடந்தன. இவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓர் அம்மாள் புதுச் செருப்பைக் கையில் பிடித்தபடி கடையிலிருந்து வெளியே வந்தார். விற்பனைப் பெண் பின்னாலேயே ஓடிவந்தாள்.

"உள்ளயே போட்டுப் பாக்கலாம்மா. கண்ணாடியும் உள்ளதான் இருக்கு."

"உள்ள எப்படிம்மா போடுறது?" என்றார் அந்த அம்மாள். படியில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தார். கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மறுபடி உள்ளே போனார்.

"இந்த ஊர் ஆளா?"

"இல்லக்கா. வெளியூர் பஸ்ஸுல வந்தவங்க. இது கோயிலா இருந்ததே தெரியாது."

டீ வந்தது. பிலோமினா அதை ஆறவிட்டார்.

"விக்கலாம்னு ஆயருக்கு அறிக்கை எழுதினது நான்தான், தெரியுமில்ல?"

"தெரியும்."

"விக்காட்டி ரெண்டு மழையில கூரை விழுந்திருக்கும். நான் காப்பாத்தின கட்டடத்துல ஒண்ணு இப்ப சிமெண்ட் குடோன், ஒண்ணு கல்யாண மண்டபம். இது செருப்புக் கடை." ஒரு வாய் குடித்தார். "அறிக்கையில கடைசி வரி, 'கட்டடம் காலியாக உள்ளது.'"

"காலியாத்தானே இருந்துச்சு?"

"அலமாரியை எல்லாம் திறந்து பாத்துத்தான் எழுதினேன்."

சேர்மக்கனி அண்ணாச்சி படியிறங்கித் தெருவைக் கடந்து வந்தார். பிலோமினாவுக்கு வணக்கம் சொன்னார்.

"நீங்களாவது இவருக்கு எடுத்துச் சொல்லுங்க மேடம். செருப்பு விக்கிற கடையில செருப்பைக் கழட்டுறான். ஆட்டோக்காரன் கோயில் கடைங்கான். இப்படியே போனா நான் ஊதுவத்திதான் விக்கணும்."

"யாவாரம் எப்படி, அண்ணாச்சி?"

"வாறான், பாக்கான், நல்ல புள்ள மாதிரி பேசுதான், போறான். ஒருத்தனும் பேரம் பேச மாட்டேங்கான் மேடம். பேரம் பேசாதவன் வாங்க மாட்டான். சத்தம் போட்டுச் சண்டை பிடிச்சாத்தான் கடை."

"முகப்பை இடிச்சிட்டா சண்டை பிடிப்பாங்களா?"

"அந்தப் படிதான் மேடம் அவனைக் கெடுக்குது. படி இல்லன்னா எங்க கழட்டுவான்?"

பிலோமினா அண்ணாச்சியின் காலைப் பார்த்தார். அண்ணாச்சியும் குனிந்து பார்த்தார். வெறுங்கால். தார் ரோட்டைக் கடந்து வந்த கால்.

"எனக்குச் சுகர்" என்றார் அண்ணாச்சி. "காலெரிச்சல். அதான்."

"சுகர்காரங்க வெறுங்காலோட நடக்கவே கூடாது, அண்ணாச்சி."

அண்ணாச்சி ஒரு காலை இன்னொரு காலின் மேல் வைத்துச் சூட்டை ஆற்றிக்கொண்டார். பிறகு சந்தானத்தைப் பார்த்து, "மூணு மணி. நாளைக் காலையில இடிக்க ஆள் வாறான். மதுரையிலிருந்து" என்று சொல்லிவிட்டு நடந்தார். படியேறினார். குழியருகே கிடந்த தன் செருப்பைப் பார்த்து ஒரு நொடி நின்றார். போட்டுக்கொள்ளாமலே உள்ளே போய்விட்டார்.

சந்தானம் வரைபடத்தை மடியில் விரித்தார். பேனா மூடியைக் கழற்றினார். கீழே அவர் பெயர் இருந்தது. கையெழுத்துக்கான இடம் வெறுமையாக இருந்தது.

"நான் போடலன்னா இன்னொருத்தன் போடுவான்க்கா. கூரையையும் சேத்து இடிப்பான். போட்டா முகப்பு மட்டும்தான் போகும்."

"ஆமா."

"படி போயிட்டா, கழட்டுறது நின்னுருமா? அதை மட்டும் சொல்லுங்க."

பிலோமினா எழுந்தார். முழங்கால் ஒத்துழைக்கச் சற்று நேரம் ஆனது. பஸ் வருகிறதா என்று தெருமுனையைப் பார்த்தார்.

"மூணு மணி போகட்டும், ஒரே ராத்திரியில அண்ணாச்சிக்கு வேற ஆள் கிடைக்க மாட்டான். நாளைக்கு மதுரைக்காரன் கடப்பாரையோட வருவான். செருப்பை எங்க விடுறான்னு பாரு. பாத்துட்டுக் கையெழுத்துப் போடு."