உறைபனியில வெறுங்கால்

எங்க ஊட்டிக் காலேஜ் பிரின்சிபால் திருஞானத்துக்குப் போட்டோ கிறுக்கு. கேமரா கையில வந்தா எதிர்ல நிக்கிறது மனுசன்னே தெரியாது அவருக்கு. உறைபனி விழுந்த ஒரு விடிகாலையில, ஹாஸ்டல் கூட்டுற மாரக்காவ வெறுங்காலோட புல்லுல நிக்க வச்சு, வெயில் வர்ற வரைக்கும் படம் எடுத்தாரு. மாட்டேன்னா வேலை போயிரும்னு அந்தம்மா நின்னுச்சு. கால்விரல் கறுத்துப் போச்சு.

படத்தப் போட்டோ கிளப்புல மாட்டிட்டுச் சொன்னாரு, "இந்த வெறுங்கால்தான் படத்துக்கு உயிரு. கருத்து சொல்லுங்க. குறை சொல்றவங்க கிளப்ப விட்டுப் போகலாம். நாளைக்கும் மாரக்காவ வச்சு எடுக்கப் போறேன்."

வெக்கமில்லாம எல்லாரும் கைதட்டுனாங்க. எங்க கூடப் படிக்கிற ரெஜினா மட்டும் எந்திரிச்சா.

"குறையே இல்ல சார். இன்னும் நல்லா வர ஒரு யோசனை. நாளைக்கு அக்கா இடத்துல நீங்க நில்லுங்க, நான் எடுக்கறேன். பிரின்சிபாலே பனியில நின்னா பேப்பர்ல போடுவாங்க."

மனுசனுக்கு வாயெல்லாம் பல்லு.

மறுநாள் மப்ளர், பூட்ஸோட வந்தாரு. கிளப்பே கூடி நின்னுச்சு.

"பூட்ஸக் கழட்டுங்க சார். வெறுங்கால்தான் உயிருன்னு நீங்கதான சொன்னீங்க."

கழட்டுனாரு. ரெஜினா நிதானமா லென்ஸத் திருகுனா. "அசையாதீங்க சார், வெயில் வரட்டும்."

கொஞ்ச நேரத்துலயே குதிச்சு ஓடி வந்தாரு. "வெயில் வர்ற வரைக்கும் எந்த மனுசனால இதுல நிக்க முடியும்?"

ஓரமா விளக்குமாத்தோட நின்ன மாரக்கா சொல்லுச்சு, "நான் நின்னேன் சார்."

அன்னைக்கே படத்தக் கழட்டிட்டாரு. இப்பல்லாம் ரோஜாப்பூவத்தான் எடுக்கறாரு.

மாரக்காவோட சுண்டுவிரலுக்கு இன்னும் உணர்ச்சி வரல.